கொரில்லாவுக்குப் பத்து ஆள் பலமா? டீக்கடையில் ஆரம்பித்த சண்டை

சிராவயல்காரன்:
நேற்று காரைக்குடி டீக்கடையில் ஒரு பெரியவர் அடித்துச் சொல்கிறார், கொரில்லாவுக்குப் பத்து ஆள் பலமாம். 2020-இல் ஐஸ்லாந்துக்காரர் பியோர்ன்சன் 501 கிலோவைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்தார். அதுக்குப் பத்து மடங்கு என்றால் ஐந்து டன். யாருய்யா அளந்தது?

கோட்டையூர் குறும்பன்:
அண்ணே, உலகத்துப் பலசாலியைக் கொண்டுவந்து சாதாரணக் கொரில்லா பக்கத்தில் நிறுத்துவது என்ன நியாயம்? வளர்ந்த ஆண் 150 கிலோவுக்கு மேல் இருக்கும், ஜிம் கிடையாது, பவுடர் கிடையாது, தின்பது பெரும்பாலும் தழையும் தண்டும்தான். வாழை மரத்தை வெறும் கையால் கிழித்து உள்ளே இருக்கிற தண்டைத் தின்கிறது. பொரியலுக்குத் தண்டு எடுக்க நம் வீட்டில் அரிவாள் இல்லாமல் நடக்குமா?

தேவகோட்டை வாத்தியார்:
"முழுப் பலத்தோடு இழு" என்று கொரில்லாவிடம் சொல்ல முடியாதே, அதனால் பத்து மடங்கு என்பது வாய்க்கணக்கு. 1920களில் ஒரு சிம்பன்சி ஒற்றைக் கையால் 380 கிலோவுக்கு மேல் இழுத்ததாக எழுதினார்கள், இந்த மாதிரிப் பேச்செல்லாம் அப்போது கிளம்பியதுதான். 2017-இல் தசையையே எடுத்துச் சோதித்தபோது, அதே அளவு மனிதத் தசையைவிட சிம்பன்சித் தசைக்கு 1.35 மடங்குதான் வந்தது. சட்டென்று இழுக்கும் நார் அதுக்கு மூன்றில் இரண்டு பங்கு, நமக்கு மூன்றில் ஒன்று. நம் தசை நெடுந்தூரம் நடக்க. தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனி வரை நடக்கிறோமே, கொரில்லா குன்றக்குடியைத் தாண்டாது.

கோட்டையூர் குறும்பன்:
சார், அது சிம்பன்சி! கொரில்லா அதைப்போல மூணு மடங்கு எடை. மடங்கு குறைவாகவே இருக்கட்டும், தசை எவ்வளவு கிடக்கிறது என்று பாருங்கள்.

சிராவயல்காரன்:
தசை மட்டும் போதாது தம்பி. எங்கள் கோயில் பக்கம் இளவட்டக்கல் ஒன்று கிடக்கிறது, வழவழப்பு, பிடியே கிடையாது. என் சித்தப்பா ஒல்லி, குத்தவைத்து உட்கார்ந்து, தொடையில் உருட்டி ஏற்றி, நெஞ்சோடு அணைத்து, மூச்சை அடக்கித் தோளுக்குத் தள்ளிவிடுவார். போன பொங்கலுக்கு மெட்ராஸிலிருந்து வந்த ஜிம் பையன் முழங்காலுக்கு மேலே கொண்டுவரவில்லை. மஞ்சுவிரட்டிலும் அப்படித்தான், பலத்தால் யாரும் மாட்டைப் பிடிப்பதில்லை, திமிலைப் பிடித்துத் தொங்கத் தெரிய வேண்டும்.

கோட்டையூர் குறும்பன்:
சரி, பத்து மடங்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அண்ணே, உங்கள் கல்லு திருப்பிக் கடிக்காது, மாட்டுக்குக் கை கிடையாது. இதுக்கு ரெண்டும் உண்டு. நான் மரத்தில் ஏறிக்கொள்கிறேன், சித்தப்பாவை முன்னால் அனுப்புங்கள்.