தக்காளியில் அடி இலை கருகுது, குருத்து மஞ்சளாகுது, தண்ணீரில் மீன் இருக்கு: மருந்தடிக்கலாமா?

கல்லடி:
வீட்டு முற்றத்தில் 1000 லீட்டர் தாங்கியில் திலாப்பியா விட்டு, அந்தத் தண்ணீரையே சல்லிப் படுக்கைக்கு ஓடவிட்டுத் தக்காளி வளர்க்கிறேன், ஆறு கன்று. இந்த மாரி மழைக்குப் பிறகு அடி இலைகளில் கபில நிறப் புள்ளிகள் வந்து பெருகின்றன. மேலே குருத்து இலைகளும் மஞ்சள். கடையில் கொப்பர் (செம்பு) மருந்து அடிக்கச் சொன்னார்கள். அடிக்கலாமா? பிள்ளைகள் மீன்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், அதுதான் பயம்.

கல்முனை:
தம்பி, கொப்பரைத் தொடவே வேண்டாம். அது தண்ணீரில் இறங்கினால் மீனும் போகும், கழிவை உரமாக்கும் பக்டீரியாவும் போகும். புள்ளிக்குள் வளையம் வளையமாக இருக்கிறதா? குருத்தில் நரம்பு மட்டும் பச்சையா? தண்ணீரின் பீஎச் (அமில, கார அளவு) எவ்வளவு?

கல்லடி:
ஆமாம் அண்ணா, மரத்தை அறுத்தால் தெரிகிற மாதிரி வளையம். நரம்பு பச்சைதான். பீஎச் 7.8.

கல்முனை:
அப்போ இரண்டு வேறு பிரச்சினை. வளையம் போட்டு அடியிலிருந்து ஏறுவது முன்கருகல், பூஞ்சணம். அந்த இலைகளை வெட்டி எரியுங்கள், ஒரு முழ உயரம் வரை இலையே இல்லாமல் காற்றோட்டம் விடுங்கள், இலையில் தண்ணீர் தெறிக்கக் கூடாது. குருத்து மஞ்சள் நோயே இல்லை, இரும்புக் குறை. பீஎச் 7க்கு மேலே போனால் தண்ணீரில் இரும்பு இருந்தாலும் வேர் எடுக்காது.

அக்கரைப்பற்று:
அக்காவாக ஒன்று சொல்கிறேன், சல்லியோடு கடற்கரைச் சிப்பி கலந்திருக்கிறதா பாருங்கள். ஒரு பிடி எடுத்து வினாகிரி ஊற்றுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. எனக்கும் இதே கதை. அமிலம் ஊற்றி ஊற்றி இறக்குவேன், நாலு நாளில் பழைய இடத்துக்கே ஏறிவிடும், ஏனென்றால் சிப்பி கரைந்துகொண்டே இருந்தது. பீஎச் கூடினால் அமோனியாவும் மீனுக்குக் கூடுதல் விஷம்.

கல்லடி:
நுரைத்தது அக்கா! நன்றாகவே நுரைத்தது.

அக்கரைப்பற்று:
சரி, கருங்கல் சல்லிக்கு மாற்றுங்கள், ஆனால் ஒரே நாளில் இல்லை, கிழமைக்குக் கால் பங்கு, பக்டீரியா சல்லியில்தான் குடியிருக்கிறது. குறைகிற தண்ணீரை நிரப்பக் கிணற்று நீருக்குப் பதில் மழைநீர் ஊற்றுங்கள். இரும்புக்கு செலேட் (வேர் எடுக்கும்படி கரைந்தே நிற்கும் இரும்பு மருந்து), லீட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு கணக்கில். 11 சதவீத இரும்புள்ள டீடீபிஏ வகைச் செலேட் என்றால் உங்கள் தாங்கிக்குச் சுமார் 18 கிராம். வாங்கும்போது ஈடீடிஏ வகை தந்தால் வேண்டாம், உங்கள் பீஎச்சில் அது நிற்காது.

கல்லடி:
மூன்று கிழமை ஆகிவிட்டது. கூரைப் பீலியில் வரும் மழைநீரைத்தான் ஊற்றுகிறேன், பீஎச் 7.1. புதிய குருத்து பச்சையாக வருகிறது, பழைய மஞ்சள் இலை அப்படியே நிற்கிறது. வளையப் புள்ளி ஒரு கன்றில் இன்னும் ஏறுவதால் அதைப் பிடுங்கிவிட்டேன். மீன் எல்லாம் சுகம்.