மாண்டெரேயில் அப்பாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்து

ஜெபின்: ஸ்டெல்லா அக்கா, ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டார் கார்னே அசாடாவுக்கு, அதாவது தணலில் இறைச்சி சுட்டுச் சாப்பிடும் விருந்துக்கு, எல்லோரையும் அழைத்திருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் மெக்சிகோவின் மாண்டெரேக்கு வந்தபின் இதுதான் முதல் அழைப்பு. நானும் ஒரு கிலோ இறைச்சி ஊறவைத்துக் கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன். அப்பாவின் இரத்த அழுத்தத்துக்கு ஒத்துக்கொள்ளுமா?

ஸ்டெல்லா: எந்தப் பகுதி இறைச்சி? என்னென்ன சேர்க்கிறாய்?

ஜெபின்: அராச்செரா. மாட்டின் உதரவிதானத் தசை, தட்டையாக நீளமாக இருக்கும். எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சுச் சாறு, பூண்டு, கொத்தமல்லித்தழை, சீரகம், பச்சை ஹலபேன்யோ மிளகாய், எண்ணெய், உப்பு. கடையில் ஊறவைத்தே விற்கிறார்கள், வாங்கினால் வேலை மிச்சம்.

ரோஸ்மேரி அத்தை: பூண்டு, சீரகம், கொத்தமல்லி என்றால் நம் வீட்டு மசாலாதானே!

ஜெபின்: ஆமாம் அத்தை. இதில் மிளகாய் மட்டுமே இந்த மண்ணுக்குச் சொந்தம். சீரகம், பூண்டு, எலுமிச்சை, மாடு எல்லாம் ஸ்பானியர்கள் கொண்டுவந்தவை.

ஸ்டெல்லா: ஊறவைத்த பொட்டலம் வேண்டாம், தம்பி. இறைச்சியைவிட எனக்கு உப்பைப் பற்றித்தான் கவலை. அங்கே 2020 முதல் உறைகளில் கறுப்பு எண்கோண முத்திரை போடுகிறார்கள் அல்லவா? சோடியம் அதிகம் என்ற முத்திரை இருந்தால் தொடாதே. சோயா சாஸும் ஊற்றாதே, ஒரு மேசைக்கரண்டியிலேயே 900 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம். உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் சொல்வது 2,000 மில்லிகிராமுக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள்.

அப்பா: அப்படியானால் நான் சாப்பிடலாமா, கூடாதா?

ஸ்டெல்லா: தாராளமாகச் சாப்பிடுங்கள் அப்பா, அளவோடு. கொழுப்பு குறைந்த துண்டு என்றால் சுட்ட 100 கிராமில் சுமார் 190 கலோரி, 27 கிராம் புரதம், 8 கிராம் கொழுப்பு. அராச்செராவில் கொழுப்பு இன்னும் கூடும், ஓரக் கொழுப்பை வெட்டிவிடட்டும். துத்தநாகமும் பி12 வைட்டமினும் நன்றாகக் கிடைக்கும். இரும்புச்சத்து கீரையில் இருப்பதைவிட எளிதாக உடலில் சேரும். அம்மாவுக்கு இரத்தசோகை இருந்ததே, அவர்களும் சாப்பிடட்டும்.

சித்தப்பா: வாரத்துக்கு எவ்வளவு வரை போகலாம்?

ஸ்டெல்லா: சமைத்த சிவப்பு இறைச்சி 350 முதல் 500 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் பரிந்துரை. ஒரே விருந்தில் அதை முடித்துவிடக் கூடாது. கரியும்வரை சுடவும் வேண்டாம். கடும் சூட்டில் தீங்கான சேர்மங்கள் உண்டாகும். ஊறவைத்தால் அவை குறையும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் உன் எலுமிச்சையும் பூண்டும் சுவைக்கு மட்டுமல்ல.

ரோஸ்மேரி அத்தை: எவ்வளவு நேரம் ஊற வேண்டும்?

ஸ்டெல்லா: இரண்டு மணி நேரம் போதும். இரவு முழுவதும் புளிப்பில் கிடந்தால் மேற்பரப்பு மாவாகிவிடும். சாறு உள்ளே சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. மென்மை வருவது வெட்டும் விதத்தில்தான். சுட்டபின் சில நிமிடம் ஆறவைத்து, இழைக்குக் குறுக்கே மெல்லியதாக வெட்டு.

ஜெபின்: வடமேற்கு மெக்சிகோவின் சொனோரா மாநிலத்திலிருந்து வந்த என் நண்பர் உப்பைத் தவிர எதுவும் போடமாட்டார். மெஸ்கீட் மர விறகுக் கரியின் மணமே போதும் என்பார்.

ஸ்டெல்லா: நல்ல இறைச்சிக்கு அவர் சொல்வது சரி. அப்பாவுக்கு மட்டும் உப்பில்லாமல் ஒரு துண்டு தனியாக எடுத்து வை. சுட்டபின் எலுமிச்சை பிழிந்து கொடு, உப்பில்லாத குறை தெரியாது.

அப்பா: கூடவே அந்த ரொட்டியும் தருவார்களாமே?

ஸ்டெல்லா: அந்த ரொட்டியின் பெயர் டோர்ட்டியா. மெக்சிகோவின் வடக்கில் கோதுமை டோர்ட்டியாதான் அதிகம், அதில் பன்றிக்கொழுப்பும் உப்பும் சேரும். நீங்கள் சோள டோர்ட்டியா கேளுங்கள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைப்பதால் கால்சியம் கூடுகிறது, நியாசினும் உடலுக்குக் கிட்டும் வடிவத்துக்கு வருகிறது. மெக்சிகோவின் பூர்வகுடி மக்கள் பல தலைமுறை அறிவால் கண்டது, எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு. இரண்டு டோர்ட்டியா, உள்ளங்கையளவு இறைச்சி, தக்காளி சல்சா, அவகாடோ. சிப்ஸ் கிண்ணத்தை மட்டும் தள்ளி வையுங்கள்.

அப்பா: சரி அம்மா. சல்சாவில் உப்பு?

ஸ்டெல்லா: நல்ல கேள்வி. ஜெபின், அதையும் வீட்டிலேயே அரைத்துக்கொண்டு போ.

ஜெபின்: சரி அக்கா. சனிக்கிழமை காலையில் சந்தைக்குப் போய் ஊறவைக்காத அராச்செராவாகவே வாங்குகிறேன்.