மூன்று மாதமாகக் கணக்கு எழுதுகிறேன், மிச்சம் மட்டும் கண்ணில் படவில்லை

நோட்டுப்புத்தகம் எழுதியது:

வணக்கம். நீண்ட நாளாக இங்கே வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவன். இன்றைக்கு ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன்னால் எங்கள் ஃபிரிட்ஜ் திடீரென்று நின்றுபோனது. புதிதாக ஒன்று வாங்கக் கையில் பணமில்லை. தவணையில் வாங்கினோம். இருவர் சம்பாதிக்கும் வீட்டில் ஒரு ஃபிரிட்ஜுக்குப் பணம் இல்லையா என்று அன்று இரவு தூக்கமே வரவில்லை. மறுநாள் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன்.

அதிலிருந்து நான் செய்தவை: பற்பசைக் குழாயைக் கத்தரியால் வெட்டி உள்ளே இருப்பதை வழித்து எடுப்பேன். தேய்ந்த சோப்புத் துண்டைப் புதிய சோப்பின் முதுகில் ஒட்டுவேன் (ஒட்டாது, குளிக்கும்போது காலடியில் விழும்). ஷாம்பு புட்டியில் தண்ணீர் ஊற்றிக் குலுக்குவேன். யாரும் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் அணைப்பேன். பிள்ளைகள் சுவரில் விட்டுப்போகும் சார்ஜர்களைப் பிடுங்கி வைப்பேன். பாத்திரம் கழுவும் திரவம், தரை துடைக்கும் திரவம் எல்லாவற்றையும் வீட்டிலேயே தயாரிக்கலாம் என்று ஒரு காணொளி பார்த்து வினிகரும் சமையல் சோடாவும் வாங்கி வைத்திருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தேன். செலவு குறைந்திருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இல்லை. நூறு செலவான இடத்தில் தொண்ணூற்றெட்டு ஆகிறது. இதற்குள் என் மகள் எனக்கு ‘விளக்கணைப்பான்’ என்று பெயர் வைத்துவிட்டாள். மனைவி ஒன்றும் சொல்வதில்லை, நேற்று மட்டும், “நீங்கள் மிச்சம் பிடிப்பதில் எனக்கு வருத்தமில்லை. அதைப் பகல் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்களே, அதுதான்” என்றாள். அம்மா என்னைக் கண்டாலே கையில் இருக்கும் டம்ளரைக் கீழே வைத்துவிடுகிறார்.

கேள்வி இதுதான்: நான் தவறான இடத்தில் தேடுகிறேனா? உங்கள் வீடுகளில் உண்மையிலேயே மாத முடிவில் தெரிந்த மிச்சம் எதிலிருந்து வந்தது? தயவுசெய்து “தேவையில்லாததை வாங்காதீர்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அது எனக்கும் தெரியும்.

ஃபியூஸ்கட்டை எழுதியது:

சார், மின்சார வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சார்ஜர்களை விட்டுவிடுங்கள். பாவம் பிள்ளைகள்.

1000 வாட் சாதனம் 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். போன் மாட்டாமல் சும்மா செருகிக் கிடக்கும் இந்தக் காலத்து நல்ல சார்ஜர் இழுப்பது 0.1 வாட் அளவுதான். வருடம் முழுக்கப் பிடுங்காமல் விட்டாலும் ஒரு யூனிட்டை எட்டாது. ஒரு போனை முழுக்கச் சார்ஜ் செய்யவே 0.02 யூனிட் அளவுதான் ஆகும்.

இப்போது குளியலறைக்கு வாருங்கள். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குச் சூடாக்க அரை யூனிட்டுக்குச் சற்று மேலே வேண்டும். அதாவது ஒருவர் ஒரு வாளி வெந்நீரில் குளிக்கும் மின்சாரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தடவை போனைச் சார்ஜ் செய்யலாம். உங்கள் வீட்டில் எத்தனை பேர்? தினமும் எத்தனை வாளி? யாராவது ஹீட்டரைப் போட்டுவிட்டு மறந்துபோகிறார்களா? தொட்டி ஆற ஆற அது மறுபடி மறுபடி சூடாக்கிக்கொண்டே இருக்கும்.

வீட்டில் எது சூடாக்குகிறதோ, எது குளிராக்குகிறதோ, அதுதான் தின்னும். ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி, ஏசி, துணி உலர்த்தும் இயந்திரம் இவையெல்லாம் முதல் வரிசை. துவைக்கும் இயந்திரத்தில்கூட வெந்நீரில் துவைத்தால் பெரும்பகுதி மின்சாரம் தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது. சுற்றுவதற்கு ஆவது கொஞ்சம். அன்றாட அழுக்குக்குப் பச்சைத் தண்ணீர் போதும். விளக்கு எல்லாம் கடைசி வரிசை, எல்இடியாக இருந்தால். எங்காவது பழைய 60 வாட் குண்டு பல்பு ஒளிந்திருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்; அதே வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தரும். ஒரு நாளைக்கு 5 மணி நேரம் எரிகிற இடமென்றால் வருடத்துக்கு 90 யூனிட்டுக்கு மேல் வித்தியாசம்.

ஒரு சோதனை சொல்கிறேன், இன்றே செய்யலாம். ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் கால் மணி நேரம் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் நில்லுங்கள். மின்னணு மீட்டரென்றால் சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டர் முகத்திலேயே போட்டிருக்கும். எல்லாம் அணைத்த பிறகும் சிமிட்டினால், வீட்டுக்குள் எதுவோ ஒளிந்து தின்கிறது என்று அர்த்தம்.

பாதிஎலுமிச்சை எழுதியது:

தம்பி, உங்கள் வயது தெரியாது, தம்பி என்றே கூப்பிடுகிறேன். இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திய அனுபவம் இது.

நீங்கள் வாங்குவதை எழுதுகிறீர்கள். எறிவதை எழுதிப் பாருங்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் இழுபறிதான். ஒரு மாதம் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, குப்பைக்குப் போகும் உணவை மட்டும் எழுதினேன். யார் எறிந்தார்கள் என்று எழுதவில்லை, கவனியுங்கள். அதை எழுதினால் சண்டை வரும், அப்புறம் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். மாத முடிவில் பார்த்தால் திரும்பத் திரும்ப அதே நாலைந்து பொருள்கள்தான். கீரை பாதிக் கட்டு. ரொட்டிப் பொட்டலத்தின் கடைசித் துண்டுகள். மூடி போட்டுப் பின்னால் தள்ளிவிட்ட நேற்றைய சமையல். யாரோ ஆசைப்பட்டு வாங்கிய ஒரு சாஸ் புட்டி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எறிந்ததன் விலையைக் கூட்டினால், நான் சோப்பிலும் தீப்பெட்டியிலும் பிடித்த மிச்சமெல்லாம் தூசு.

அதற்கப்புறம் நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஃபிரிட்ஜின் நடுத் தட்டில், கண்ணுக்கு நேரே, ஒரு திறந்த தட்டு வைத்தேன். இரண்டு நாளில் தீர்க்க வேண்டியதெல்லாம் அதில்தான். பாதி வெட்டிய வெங்காயம், கொஞ்சம் வாடிய கேரட், மிஞ்சியது, எல்லாம். சமைக்கும் முன் முதலில் அந்தத் தட்டைத்தான் பார்ப்பேன். புதிதாக வாங்கியதைப் பின்னால் வைத்துப் பழையதை முன்னால் இழுத்துவிடுவேன். கடைக்காரர்கள் தட்டுகளை அடுக்கும் முறை அது, நாம்தான் வீட்டுக்கு வந்ததும் தலைகீழாக அடுக்குகிறோம். கீரையைக் கழுவாமல், உலர்ந்த துணியில் சுற்றி வைத்தால் இன்னும் சில நாள் தாங்கும். ஈரத்தோடு பையில் முடிந்து வைத்தால் அழுகும்.

சிக்கனம் என்று கெட்டுப்போனதைத் தின்னாதீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள், ஃபிரிட்ஜ் 4 டிகிரியைத் தாண்ட வேண்டாம். ஒரு நாள் வயிற்றுப்போக்குக்கு ஆகும் செலவில் ஒரு வாரக் காய்கறி வாங்கிவிடலாம்.

பெரிய பொட்டலம் மலிவு என்பதும் எப்போதும் உண்மையில்லை. விலையை எடையால் வகுத்துப் பாருங்கள், சில சமயம் சின்னதே லாபமாக இருக்கும். இன்னொன்று, பெரிய புட்டி இருந்தால் கை தாராளமாக ஊற்றும். எங்கள் வீட்டில் பெரிய எண்ணெய் டின் வாங்கிய மாதங்களில் எண்ணெய் கூடுதலாகவே செலவாகியிருக்கிறது. இப்போது பெரிய டின்தான் வாங்குகிறேன், ஆனால் அடுப்பருகே வைப்பது ஒரு சின்னப் புட்டி.

வழிப்போக்கன் எழுதியது:

பற்பசைக் குழாயை வெட்டும் நேரத்தில் கூடுதலாக ஏதாவது சம்பாதிக்கலாமே ஐயா.

நோட்டுப்புத்தகம் எழுதியது:

வழிப்போக்கன், பல் தேய்க்கும் அந்த இரண்டு நிமிடத்துக்கு யாராவது சம்பளம் தந்தால் விலாசம் சொல்லுங்கள், நாளையே சேர்ந்துவிடுகிறேன்.

ஃபியூஸ்கட்டை, பாதிஎலுமிச்சை அக்கா, இருவருக்கும் நன்றி. இரண்டு சோதனையும் செய்கிறேன். வினிகர் விஷயம்தான் யாரும் சொல்லவில்லை. இரண்டு புட்டி வாங்கி வைத்திருக்கிறேனே!

உப்புத்தாள் எழுதியது:

வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலந்து புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். ஒன்று அமிலம், ஒன்று காரம். கலந்ததும் பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும். பொங்கி அடங்கியபின் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீரும் கொஞ்சம் உப்புச் சத்தும்தான். இரண்டின் பலமும் போய்விடும். தனித்தனியாக வைத்தால் இரண்டும் நல்லவை. குழாயில் படிந்த வெள்ளை உப்புக் கறைக்கு வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்துத் தேய்த்தால் போகும். அடிப்பிடித்த பாத்திரத்துக்குச் சோடாவும் வெந்நீரும். பளிங்குத் தரையில் மட்டும் வினிகர் வேண்டாம், பளபளப்பை அரித்துவிடும்.

முக்கியமானது: ப்ளீச்சோடு வினிகரையோ, கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தையோ எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. பிள்ளைகள் இருக்கும் வீடு என்பதால் சொல்கிறேன்.

பாத்திரம் கழுவும் திரவத்தை வீட்டில் செய்து நான் லாபம் பார்த்ததில்லை. கடைத் திரவத்தை ஒரு கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் கரைத்து, அதில் தொட்டுத் தேய்ப்பதே போதும். துணிக்குப் போடும் தூளும் அப்படித்தான், அளவுக்கு மேல் போட்டால் துணியில் தங்கும், மறுபடி அலச வேண்டி வரும்.

நோட்டுப்புத்தகம் எழுதியது:

ஒரு மாதம் கழித்து வருகிறேன். விவரம் சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

முதலில் மீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லாவற்றையும் அணைத்தோம். மகன்தான் டார்ச் பிடித்தான், அவனுக்கு ஒரே குஷி. எங்கள் மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று போட்டிருந்தது. பத்து நிமிடத்தில் எட்டு சிமிட்டல். மணிக்கு நாற்பத்தெட்டு. வகுத்துப் பார்த்தால் 15 வாட். எல்லாம் அணைத்த வீட்டில் இது யார்? ஒவ்வோர் அறையாகத் தேடினோம். அம்மா அறையில் அலமாரிக்குப் பின்னால் ஒரு பழைய பாட்டுப் பெட்டி, அப்பா இருந்த காலத்தில் வாங்கியது. கடைசியாக எப்போது பாடியது என்று யாருக்கும் நினைவில்லை. பின்பக்கம் தொட்டால் இளஞ்சூடு. வருடத்துக்கு 130 யூனிட் சும்மா தின்றிருக்கிறது. நான் மூன்று மாதம் சார்ஜர்களைப் பிடுங்கி மிச்சப்படுத்தியது ஒரு யூனிட்டுக்கும் குறைவு! மகளிடம் இந்தக் கணக்கைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். ‘விளக்கணைப்பான்’ பட்டத்தை மட்டும் திரும்பப் பெற மாட்டாளாம். பெட்டியை அம்மா தூக்கிப் போட விடவில்லை. பிளக்கைக் கழற்றியதோடு சரி.

எறிகிற பட்டியல். அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது, பொருள்கள்தான் வேறு. எங்கள் வீட்டில் முதல் இடம் தயிர். அடுத்தது வாழைப்பழம். இரண்டையும் வாங்கி வருவது நான்தான் என்று பட்டியலைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. “தள்ளுபடி” என்று எழுதியிருந்தால் என் கை தானாக நீளும். மனைவி இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பேசாமல் இருந்ததே போதுமானதாக இருந்தது. இப்போது பழம் ஆறுக்கு மேல் வாங்குவதில்லை, கறுக்கத் தொடங்கினால் உரித்து உறைபெட்டியில் போட்டுவிடுகிறோம், பிள்ளைகள் பாலோடு அடித்துக் குடிக்கிறார்கள். இந்த மாதம் மளிகையும் காய்கறியும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. அடுத்த மாதமும் இப்படியே இருக்குமா என்று பார்க்க வேண்டும்.

ஹீட்டருக்கு நேரம் வைத்துவிட்டோம். காலையில் இருபது நிமிடம், பிறகு அணைத்துவிட வேண்டும். முதல் வாரம் இரண்டு பேர் பச்சைத் தண்ணீரில் குளித்தார்கள், அதில் ஒருவன் நான்.

இன்னொன்று, இது யாரும் சொல்லாமலே அகப்பட்டது. எறிகிற பட்டியலில் மகன் ஒரு நாள் “தண்ணீர்” என்று எழுதியிருந்தான். என்னடா என்றால், பின்கட்டுக் குழாயைக் காட்டுகிறான். சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. எத்தனை நாளாகவோ. அடியில் ஒரு வாளி வைத்து இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை விட்டோம். மூன்றரை லிட்டர். ஒரு நாளைக்குப் பத்தரை, வருடத்துக்கு 3,800 லிட்டருக்கு மேல். வாஷரை மாற்றினால் நிற்கும் என்கிறார்கள். ஆள் கூப்பிடாமல் நானே மாற்றலாமா?

உப்புத்தாள் எழுதியது:

தாராளமாக மாற்றலாம். முதலில் மெயின் வால்வை மூடுங்கள், மறந்துவிடாதீர்கள், நான் ஒரு தடவை மறந்து கூரை வரை நனைந்தேன். பழைய வாஷரைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள், அளவு சொல்லிக் குழம்ப வேண்டாம். மாற்றியும் ஒழுகினால் உள்ளே வாஷர் உட்காரும் இடம் தேய்ந்திருக்கும், அப்போது ஆளைக் கூப்பிடுங்கள். அப்படியே கழிவறைத் தொட்டியில் உணவுக்குப் போடும் கலர் நாலு சொட்டு விட்டு, கால் மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் பாருங்கள். கீழே பீங்கானில் கலர் வந்தால் அங்கேயும் ஒழுகுகிறது.

நோட்டுப்புத்தகம் எழுதியது:

வந்துவிட்டது. சிவப்பாக. மகன் வீடு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடுகிறான். இரண்டு வாஷராக வாங்கி வருகிறேன்.

உப்புத்தாள் எழுதியது:

நில்லுங்கள், கழிவறைத் தொட்டிக்கு வாஷர் இல்லை. அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதை.