சோங்சிங்குக்கு மறுபடி போகிறேன், கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். 2006-இல் சீனாவின் சோங்சிங் நகரில் ஒரு வாரம் சுற்றினேன். இந்த அக்டோபரில், அவர்களுடைய தேசிய நாள் விடுமுறைக் கூட்டம் வடிந்த பிறகு, மனைவியுடன் மறுபடி போகிறேன்.

அப்போது யாங்சி படித்துறையில் மூங்கில் கழியும் கயிறுமாகச் சுமைகூலிகள் நின்றிருப்பார்கள். ஒருவர் என் பையைத் தூக்கிக்கொண்டு ஏறிய வேகத்துக்கு வெறுங்கையோடுகூட என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஜியாலிங் ஆற்றைக் கடந்த ரோப் கார் 2011-இல் நின்றுவிட்டதாம். ஷிபாதி படிக்கட்டுத் தெருவைப் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்திருக்கிறார்கள். படத்தில் பளபளவென்று இருக்கிறது, எனக்குத்தான் மனம் ஒட்டவில்லை. ஆட்கள் இன்னும் குடியிருக்கும் பழைய படிக்கட்டுச் சந்துகள் எங்காவது மிச்சமுண்டா? லிசிபாவில் கட்டடத்துக்குள் புகுந்து போகும் ரயிலை நானே பார்த்துக்கொள்கிறேன்.

அப்புறம் பணம். அன்று நோட்டு, இன்று எல்லாம் கைபேசி ஸ்கேன். நம் ஊர் விசா கார்டை அலிபே என்ற அவர்களுடைய பணச் செயலியில் இணைத்தவர்கள் உண்டா? சின்ன நூடுல்ஸ் கடையிலும் வேலை செய்ததா?

மனைவி மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார். அங்கே மேசையிலேயே கொதிக்கவைத்துச் சாப்பிடும் ஹாட்பாட்டின் குழம்பே மாட்டுக் கொழுப்பில்தான். தாவர எண்ணெயில் செய்யும் கடை தெரிந்தால் சொல்லுங்கள்.