ஆக்சோட்ரோஃப்: ‘குறைபாடு’ வேண்டாமே

அன்புள்ள நண்பர்களுக்கு,

நுண்ணுயிர் நொதித்தலில் அமினோ அமிலம் தயாரிப்பது பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘ஆக்சோட்ரோஃப்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது: வளரத் தேவையான ஒரு சத்தைத் தானே செய்ய முடியாதபடி மரபு மாறிய நுண்ணுயிர் (விகாரி) அது; அதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும். நேற்று ஐயா எழுதியது:

> ‘ஊட்டக் குறைபாட்டு விகாரி’ என்றே போடலாம். பொருள் விளங்குகிறதே.

விளங்குகிறது ஐயா. ஆனால் சவலைப்பிள்ளையைச் சொல்வது போல இருக்கிறது. இந்தத் தொழிலில் அந்தக் குறைதான் சரக்கு!

1956-இல் ஜப்பானின் கியோவா ஹக்கோ நிறுவனத்தில் கினோஷிட்டா குழுவினர் குளுட்டாமிக் அமிலத்தை வெளியே கொட்டும் பாக்டீரியத்தைக் கண்டெடுத்தார்கள். இன்று அதன் பெயர் கோரினிபாக்டீரியம் குளுட்டாமிக்கம். லைசீன் என்ற இன்னொரு அமினோ அமிலத்தை அது அப்படிக் கொட்டவில்லை. லைசீனும் திரியோனின் என்ற அமினோ அமிலமும் சேர்ந்து பெருகினால், இரண்டுக்கும் பொதுவான பாதையின் வாசலில் இருக்கும் அஸ்பார்ட்டோகைனேஸ் நொதி கடையைச் சாத்திவிடும். பிறகு, திரியோனினுக்கு முந்தைய படியான ஹோமோசெரீனைச் செய்யத் தெரியாத விகாரி ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். ஹோமோசெரீன் இல்லாமல் திரியோனின் வராது, திரியோனின் இல்லாமல் கடை சாத்தாது, லைசீன் குவிகிறது. அந்த விகாரி வளரத் தேவையானதை நாம்தான் அளந்து ஊற்ற வேண்டும். கை தாராளமானால் திரியோனின் கூடி, லைசீன் படுத்துவிடும்.

கல்லூரியில் இந்த விகாரிகளைத் தேடியிருக்கிறேன். எல்லாச் சத்தும் உள்ள தட்டில் புள்ளிபுள்ளியாக வளர்ந்த நுண்ணுயிர்கள் மேல் வெல்வெட் துணியை ஒற்றி, அதை வெறும் உப்பும் சர்க்கரையும் உள்ள தட்டில் பதிப்போம். மறுநாள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றில் புள்ளி இருக்கும், மற்றதில் அதே இடம் காலி. அந்தக் காலியிடத்துக்காகத்தான் இரவெல்லாம் காத்திருப்போம்.

‘-ஊட்டி’ என்று முடிக்கலாமா என்று அக்கா கேட்டிருந்தார். பாலூட்டி பாலைக் கொடுப்பது. இங்கே வாங்குவதல்லவா? திசை மாறிவிடும். ‘ஒட்டுண்ணி’ வழியில் போனால் ஏதோ பூச்சி நினைவு வருகிறது. என் பரிந்துரை: ‘வேண்டி’. ஹோமோசெரீன்வேண்டி, திரியோனின்வேண்டி. இன்ன பொருள் வேண்டும் என்பது பெயரிலேயே வந்துவிடும்.

*

தம்பி,

‘குறைபாடு’ போகட்டும், ஒப்புகிறேன். ஆனால் ‘லைசீன் வேண்டி வளர்த்தார்கள்’ என்று எழுதிப் பாருங்கள். லைசீன் கேட்கும் பாக்டீரியத்தையா, லைசீனுக்காகவா? உங்கள் கட்டுரையில் இந்த வாக்கியம் கட்டாயம் வரும்.

*

ஐயா, வசமாக மாட்டிக்கொண்டேன். ‘வேண்டுயிரி’ என்று வினைத்தொகையாக்கினால்? ‘ஹோமோசெரீன் வேண்டுயிரி லைசீனைக் கொட்டுகிறது.’ குழப்பம் இல்லை. எதையும் கேட்காத தாய் வகைக்குத் ‘தன்னிறைவி’ வைத்திருக்கிறேன்; ‘வேண்டாவுயிரி’ என்றால் யாரும் சீண்டமாட்டார்கள்.

*

வேண்டுயிரி நடக்கும். முதல் முறை வருமிடத்தில் மட்டும் ஆக்சோட்ரோஃப் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். தன்னிறைவி பற்றி அக்கா சொல்லட்டும். அவர் வகுப்பில் பாடம் எடுப்பவர்.