எஸ்.ஏ.டி. பயிற்சித் தேர்வில் ஸ்கோர் 1280-லேயே நிற்கிறது, எங்கே தவறு?

மாலைநேரம்:
அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம். அந்தத் தேர்வை எழுதும் ப்ளூபுக் ஆப்பில் மூன்று முழுப் பயிற்சித் தேர்வு முடித்தாயிற்று: 1270, 1290, 1280. கடைசியில் கணக்கு 640, ஆங்கிலம் 640. கணக்கில் தப்பானதைத் திரும்பப் பார்த்தால் பாதிக்கு மேல் தெரிந்த கணக்குதான். ஆங்கிலத்தில் ஒவ்வொரு மாட்யூலிலும் (பகுதியின் பாதி) கடைசி ஐந்தாறு கேள்விக்கு நேரம் போதவில்லை. இனி வாரத்துக்கு இரண்டு மாக் டெஸ்ட் எழுதினால் 1400 தொடலாமா?

வட்டமுள்:
வாரத்துக்கு இரண்டு வேண்டாம் தம்பி. ப்ளூபுக்கில் இருக்கும் தேர்வுகள் எண்ணிக்கையில் குறைவு. உண்மைத் தேர்வுக்கு அவ்வளவு நெருக்கமானவை வேறு கிடையாது, அவசரப்பட்டுத் தீர்த்துவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும். இடைப்பட்ட நாட்களுக்குத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் இலவசக் கேள்வி வங்கி இருக்கிறது. தலைப்பு வாரியாக, கடினம் வாரியாகப் பிரித்து எடுக்கலாம். பயிற்சித் தேர்வில் வரும் கேள்விகளை விலக்கிவிட்டுத் தேடவும் வழி உண்டு.

உங்கள் ஸ்கோர் நிற்பதற்குக் காரணம் தேர்வு போதாததல்ல, எழுதிய தேர்வை அலசாதது. 2 மணி 14 நிமிடத் தேர்வுக்கு அலசல் மட்டும் நான்கு மணி நேரமாவது பிடிக்கும். தப்பானவற்றோடு, குத்துமதிப்பாகப் போட்டுச் சரியானவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கத்தைப் பார்க்காமல், கடிகாரம் இல்லாமல் மறுபடி போடுங்கள். இப்போது வந்துவிட்டால் பாடம் தெரியும். சறுக்கியது வேறு இடத்தில். எந்த இடம் என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். "கவனக்குறைவு" என்று மட்டும் எழுதவே கூடாது, அதை வைத்து எதையும் திருத்த முடியாது. "2x + 3 கேட்டார்கள், x கண்டதும் நிறுத்திவிட்டேன்", "விட்டத்தை ஆரமாக எடுத்தேன்" என்று எழுதுங்கள். இருபது வரி சேர்ந்ததும் ஒரே சறுக்கல் ஐந்தாறு முறை வந்திருப்பது தெரியும். அந்தக் கேள்விகளை நான்கு நாள் கழித்து ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை வெற்றுத்தாளில் போடுங்கள்.

தெரிந்த கணக்கை விடுவது இந்தத் தேர்வில் இரட்டை நஷ்டம். கணக்குப் பகுதி தலா 22 கேள்வி, 35 நிமிடமாக இரண்டு மாட்யூல். முதலாவதில் எப்படிச் செய்தீர்கள் என்பதை வைத்துத்தான் இரண்டாவது கடினமாகவோ எளிதாகவோ வரும். எளிதானது வந்துவிட்டால் அதில் எல்லாம் சரியாகப் போட்டாலும் உச்ச ஸ்கோர் எட்டாது. சீக்கிரம் முடித்தால் மிச்ச நேரம் அடுத்த மாட்யூலுக்குப் போய்ச் சேராது, முடிந்த மாட்யூலுக்குத் திரும்பவும் முடியாது. ஆகவே முதல் மாட்யூலில் ஓட வேண்டாம். குறியிட்டு வைத்ததைச் சரிபார்க்கக் கடைசி நான்கு நிமிடம் ஒதுக்குங்கள்.

விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகள் கணக்கில் ஏறக்குறைய கால் பங்கு. மூன்றரை என்றால் 3.5 அல்லது 7/2. 3 1/2 என்று அடித்தால் 31/2 ஆகிவிடும். சதவீதக் குறியும் காற்புள்ளியும் போடக் கூடாது.

ஒற்றெழுத்து:
ஆங்கிலத்துக்கு நான் சொல்கிறேன். ஒரு மாட்யூலில் 27 கேள்விக்கு 32 நிமிடம், சராசரி 71 விநாடி. ஆனால் எல்லாக் கேள்விக்கும் ஒரே நேரம் கொடுப்பதால்தான் கடைசியில் மூச்சு முட்டுகிறது. வரிசை மாறாது: முதலில் சொற்பொருளும் பத்தியின் அமைப்பும், பிறகு கருத்து, சான்று, வரைபடம், ஊகம், அதன்பின் இலக்கணமும் நிறுத்தற்குறியும், கடைசியில் இணைப்புச் சொல்லும் குறிப்புகளைத் தொகுப்பதும். நேரத்தை விழுங்குவது அந்த இரண்டாவது கூட்டம். விதி தெரிந்தவருக்கு இலக்கணக் கேள்வி 30, 40 விநாடி வேலை.

மாட்யூலுக்குள் எங்கு வேண்டுமானாலும் தாவலாம். சொற்பொருளை முடித்ததும் நேரே இலக்கணத்துக்குப் போய், இறுதிவரை முடித்துவிட்டு நடுவுக்குத் திரும்புங்கள். அப்போது நேரம் குறைந்தாலும் எளிதான மார்க் கைவிட்டுப் போகாது. தவறான விடைக்கு மைனஸ் இல்லை, எதையும் காலியாக விடாதீர்கள்.

விதிகளும் அதிகமில்லை. அரைப்புள்ளிக்கு இரு பக்கமும் முழு வாக்கியம் வேண்டும் (பட்டியலுக்குள் வருவது தவிர). முக்காற்புள்ளிக்கு முன்னால் முழு வாக்கியம். இடைச்செருகலைக் காற்புள்ளியில் திறந்தால் காற்புள்ளியில், கோட்டில் திறந்தால் கோட்டில் மூட வேண்டும். இரண்டு முழு வாக்கியத்தை வெறும் காற்புள்ளியால் ஒட்டக் கூடாது. குறிப்புத் தொகுப்பில் கேள்வி கேட்கும் நோக்கத்தை முதலில் படியுங்கள். பல சமயம் குறிப்பைப் படிக்காமலே இரண்டு விடையை அடித்துவிடலாம்.

மாலைநேரம்:
நன்றி. ப்ளூபுக்கிலேயே இருக்கும் டெஸ்மாஸ் வரைபடக் கால்குலேட்டரை எவ்வளவு நம்பலாம்?

வட்டமுள்:
இரண்டு சமன்பாடு, இருபடிக் கோவையின் உச்சி, வரைபடம் எத்தனை இடத்தில் வெட்டுகிறது, இதற்கெல்லாம் தாராளமாக. தெரியாத மாறிலி இருந்தால் ஸ்லைடர் வைத்து நகர்த்துங்கள். அட்டவணைக்கு நேர்கோடு வேண்டுமா, y1 ~ mx1 + b என்று அடியுங்கள். 3x = 21 மாதிரி கணக்கைக் கையால் போடுவதே வேகம். கோணம் வந்தால் டிகிரியா ரேடியனா என்று ஒருமுறை பாருங்கள்.

ஒற்றெழுத்து:
லேப்டாப் விஷயத்தையும் இப்போதே கவனியுங்கள், போனில் எழுத முடியாது. தேர்வுக்கு 1 முதல் 5 நாள் முன்பாக ப்ளூபுக்கில் எக்ஸாம் செட்டப் முடித்தால்தான் அனுமதிச் சீட்டு வரும். பேட்டரி மூன்று நான்கு மணி நேரம் தாங்க வேண்டும். நடுவில் இணையம் போனால் பதறாமல் எழுதிக்கொண்டே இருங்கள், விடைகள் சேமிக்கப்படும். ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் நடுவே 10 நிமிட இடைவேளை உண்டு. அப்போது லேப்டாப்பை மூடிவிடாமல் திறந்தபடியே வைத்துவிட்டுப் போங்கள்.