கம்மி பார்வையோட படிக்க உங்களுக்கு எது கை கொடுத்துச்சு?

சேலத்துப் பொண்ணு:
அப்பாவுக்கு மாகுலர் டிஜெனரேஷன், ரெண்டு கண்ணுலயும் நடுப்பார்வை போயிடுச்சு, ஓரத்துல மட்டும் தெரியும். பேப்பர் படிக்காம காபி இறங்காத மனுசன். பெருசா இருந்தா நல்லாத் தெரியும்னு ஃபேன்ஸி ஸ்டோர்ல கையகலத்துக்கு ஒரு லென்ஸ் வாங்கிட்டு வந்துட்டார், ஆனா லென்ஸ் அகலமா இருந்தா பவர் கம்மியாத்தான் இருக்கும், பவர் ஏற ஏற லென்ஸ் சின்னதாகும், பேப்பருக்குக் கிட்டயும் புடிக்கணும், பவரை டயாப்டர்ல சொல்வாங்க, 10 டயாப்டர்னா 10 செ.மீ., 20னா 5 செ.மீ. தான். அவருக்குக் கை வேற நடுங்கும், அதனால லோ விஷன் கிளினிக்ல பேப்பர் மேலயே வச்சு நகத்துற ஸ்டாண்டு லென்ஸ் கொடுத்தாங்க, கண்ணை வரிக்குக் கொஞ்சம் மேல வச்சு ஓரப்பார்வையால படிக்கவும் பழக்குனாங்க.

ஆனா அதைவிட உதவுனது கருப்பு சார்ட் அட்டைதாங்க!! பளபளப்பு இல்லாத அட்டையில ரெண்டு வரி தெரியுற மாதிரி நீளமா ஒரு சந்து வெட்டி பேப்பர் மேல வச்சா, சுத்தி இருக்குற வெள்ளையோட கூச்சம் போயிடும், வரியும் தவறாது. டைப்போஸ்கோப்னு பேராம், வெட்டுறதுக்கு பேரெல்லாம் தெரிய வேண்டியதில்ல. அப்புறம் டேபிள் லேம்ப். பல்பைப் பாதி தூரத்துக்கு இழுத்தா வெளிச்சம் கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆகும், கண்ணுல அடிக்காம பக்கவாட்டுல வைங்க. இது வந்தப்புறம்தான் அப்பாவுக்கு மெய்யெழுத்துப் புள்ளியே தெரிய ஆரம்பிச்சது, அதுவரைக்கும் பாதி குத்துமதிப்புதான்.

ராத்திரி ரயில்:
அக்கா, அட்டை எனக்கும் ஓகே, ஆனா லென்ஸ் எல்லாருக்கும் ஒத்து வராது. எனக்கு ரெடினைடிஸ் பிக்மென்டோசா, குழாய் வழியா பாக்குற மாதிரிதான் பார்வை, எழுத்தைப் பெருசாக்குனா ஒரு வார்த்தைகூட முழுசா உள்ள வராது, அதனால ஃபான்ட்டை நடுத்தரமா வச்சுட்டு கலர் இன்வெர்ஷன் போட்டு கருப்புல வெள்ளை எழுத்தா படிக்கிறேன். புக்குன்னா போட்டோ எடுத்து அதையும் அப்படியே திருப்பிப் போட்டுப் படிப்பேன். ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுலயும் செட்டிங்ஸ்லயே இருக்கு, தனி ஆப்புக்கு காசு கட்டாதீங்க.

நாலாப்பு டீச்சர்:
தம்பி சொல்றது கரெக்ட், ஆளுக்கு ஆள் மாறும். என் கிளாஸ்ல அல்பினிசம் (பொறவியிலேயே தோல், முடி, கண்ணுல நிறமி கம்மி) இருக்குற பையன் ஒருத்தன், அவனுக்கு வெளிச்சம் கூடுனாதான் கஷ்டம். ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்கார வச்சேன், விளிம்பு வச்ச தொப்பி போட விட்டேன், நோட்டுல கோட்டையெல்லாம் கருப்பு மார்க்கர்ல தடியா போட்டுக் கொடுத்தேன், புக்கை சாய்ச்சு வைக்க பழைய சிக்குப்பலகை ஒண்ணு. வீட்ல என்னடான்னா புக்கை மூக்குகிட்ட வச்சா கண்ணு கெட்டுடும்னு தலையில குட்டுறாங்க! கிட்ட வச்சுப் படிச்சா இருக்குற பார்வை கெடாதுங்க, பாதி தூரத்துல வச்சா எழுத்து ரெண்டு மடங்கா தெரியும், அதுக்குத்தான் அவன் குனியிறான். அவங்கம்மாகிட்ட சொல்லியாச்சு, தாத்தா மட்டும் இன்னும் ஒத்துக்கல.